மூன்று சீட்டுகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுகின்ற என்னைப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது, இலக்கியம் பேச என்னால் ஆகாது. எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன் என்று கூறினேன். எனக்குத் தெரிந்தது சீட்டு ஒன்றுதான். பயணச்சீட்டு, பார்சல் சீட்டு, சரக்கு இரசீது என்று நாளெல்லாம் சீட்டுகளோடு வாழ்கிறவன் நான். ஆதலின் இன்று மூன்று சீட்டுகளைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன்.

முதலாவது, கடைக்காரர் நமக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டு. இரண்டாவது, துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசாங்கம் கொடுக்கும் உரிமச்சீட்டு. மூன்றாவது, தேர்தல்தோறும் நம் கைக்கு வரும் வாக்குச்சீட்டு. காய்கறிக் கடைக்கும் துப்பாக்கிக்கும் தேர்தலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். உறவு உண்டு. முதற் சீட்டும் மூன்றாம் சீட்டும் மதிப்போடு வழங்கும் நாட்டில் இரண்டாம் சீட்டுக்குத் தேவை குறைவு. அவ்விரண்டும் மதிப்பிழந்த இடத்திலோ, உரிமமே இல்லாத துப்பாக்கி ஆட்சி செய்யத் தொடங்கிவிடும். இதுவே நான் சொல்ல வந்த செய்தி. இவை என் சொந்தக் கருத்துகள். சங்கத்தின் கருத்துகளாகவோ, நான் பணியாற்றும் துறையின் கருத்துகளாகவோ இவற்றை யாரும் கொள்ள வேண்டா.

பற்றுச்சீட்டு

நம்மவரிடையே ஒரு சொல் வழங்குகிறது. "வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?" என்பது அச்சொல். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது எடையில் ஐயம் தோன்றினாலும் நாம் வாய் திறப்பதில்லை. நம் அண்டை வீட்டு வங்காளி அன்பரைப் பாருங்கள். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், தராசையும் பார்ப்பார், விலையைப் பற்றி நான்கு வார்த்தை பேசிய பிறகே பையை நீட்டுவார். நாமோ மொழி முழுதும் வராது என்னும் நாணத்தால் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதற்கு அடக்கம் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். அது அடக்கமன்று, விருந்தாளி மனப்பான்மை. மூன்று தலைமுறையாக விருந்தாளியாகவே இருக்கும் மக்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்த காலத்தில் இத்தயக்கத்திற்கு ஓரளவு காரணம் இருந்தது. ஊரில் படியும் வீசையும் பலமும் அறிந்தவர்கள் இங்கே சேரும் மணங்கும் கண்டு திகைத்தார்கள். ஓர் ஊர்ச் சேருக்கும் மற்றோர் ஊர்ச் சேருக்கும் வேறுபாடு இருந்தது. 1956-ஆம் ஆண்டில் நிறுத்தல் அளத்தல் அளவைகளுக்குச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் நாட்டில் புகத் தொடங்கியது. இச்சீர்திருத்தத்தால் மிகுந்த நன்மை அடைந்தவர்கள் யார்? பிறந்த ஊரிலேயே இருந்தவர்கள் அல்லர். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே. தஞ்சாவூரில் ஒரு கிலோ எவ்வளவோ அவ்வளவே கொல்கத்தாவிலும் ஒரு கிலோ. இப்போது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் அக்கடமையைச் செய்து வருகிறது.

வாங்குகையில் கூடுதலும் விற்கையில் குறைவும் செய்யாத நேர்மையைக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் பெருமையாகப் பேசுகிறது பட்டினப்பாலை. அங்கே நேர்மை வணிகனின் அறமாக இருந்தது. இக்காலத்தில் அது வாங்குவோனின் உரிமையாகவும் ஆகியிருக்கிறது. அறத்திற்கும் உரிமைக்கும் வேறுபாடு உண்டு. அறம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. உரிமையை வாங்குபவன் கேட்டுப் பெறலாம்.

இவ்வெண்ணத்தை உலகறியச் சொன்னவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி. 1962 மார்ச் 15-ஆம் நாள் அவர் தம் நாட்டுக் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில், நுகர்வோர்க்குப் பாதுகாப்பு, செய்தி அறிதல், தெரிந்தெடுத்தல், குறை கேட்கப்பெறுதல் ஆகிய நான்கு உரிமைகள் உண்டென்று கூறினார். நம் நாட்டில் 1986 டிசம்பர் 24-ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதனாலேயே அந்நாள் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்புதிய சட்டத்தில் நமக்கென்றே எழுதியது போன்ற ஒரு பிரிவு இருக்கின்றது. முன்பெல்லாம் விற்றவன் இருக்கும் ஊரிலோ, பூசல் எழுந்த ஊரிலோதான் வழக்குத் தொடுக்க வேண்டும். இப்போது வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலோ, தொழில் செய்யும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே பேசலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். 1915 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் குறை சொல்லலாம். நம் நகரில் மீர்சா காலிப் தெருவில் 'கிரேதா சுரக்ஷா பவன்' என்ற கட்டடம் நிற்கிறது. கிரேதா என்றால் வாங்குபவர் என்று பொருள். அதன் படியில் தமிழர் ஏறக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

என் வீட்டிலேயே நடந்தது ஒன்று. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து மாவரைக்கும் கிரைண்டர் தருவித்தோம். வந்து சேர்ந்தபோது கல்லில் விரிசல் இருந்தது. பலமுறை தொலைபேசியில் கூறியும் பயனில்லை. "அவர்கள் அங்கே, நாம் இங்கே, என்ன செய்ய முடியும்?" என்றனர் வீட்டார். பற்றுச்சீட்டின் நகலை இணைத்து, நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமை எனக்குண்டு என்று குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் புதுக்கல் வந்தது. அந்நிறுவனத்தார் தீயவர் அல்லர். தொலைவில் இருப்பவர் கேட்கமாட்டார் என்று நம்பியிருந்தனர், அவ்வளவே.

இரயில்வேயில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் பிரிவில் நான் சில ஆண்டுகள் இருந்தவன். அங்கே நான் கற்றது இது: கோரிக்கை தோற்பது பெரும்பாலும் நியாயம் இல்லாமையால் அன்று, சீட்டு இல்லாமையால்தான். சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் கூறுகிறது. ஏழாம் மாதத்தில் கண்ணீரோடு வருபவரைக் காண மனம் வருந்தும். ஆனால் எழுத்தர் என்ன செய்ய இயலும்?

என் துறையும் இச்சட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதையும் மறையாமற் சொல்கிறேன். இரயில் நான்கு மணி நேரம் காலந்தாழ்ந்து ஜம்மு சென்றதால் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்திற்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமதத்திற்குத் தக்க காரணத்தை இரயில்வே மெய்ப்பிக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பயணி தம்மோடு வைத்திருந்த பணம் களவு போனால் அதனை இரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் 2023-இல் கூறியது. உரிமை ஒரு பக்கமாயின், விழிப்பு மறுபக்கம்.

இந்நகரத்து மக்கள் இவ்வுரிமைப் போரில் நமக்கு மூத்தவர்கள். 1953 ஜூலையில், இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா இருந்த காலம் அது. பழைய கட்டணத்தையே நீட்டிப் பயணிகள் புதுக்கட்டணத்தை மறுத்தார்கள். அரசாங்கம் கம்பெனியின் பக்கம் நின்றது. தடியடியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன; டிராம் வண்டிகள் எரிந்தன. முடிவில் உயர்வு கைவிடப்பட்டது. 1959 ஆகஸ்டு 31-ஆம் நாள் உணவு கேட்டு ஊர்வலம் வந்தவர்கள்மேல் இந்நகரில் தடியடி நடந்து, எண்பது பேர் மாண்டனர் என்று இயக்கத்தார் கூறினர். நியாய விலையில் அரிசி வேண்டும் என்ற கோரிக்கைக்காக இத்தனை உயிர்கள்! வாங்குவோரின் குறையைக் கேட்க ஒரு மன்றம் இல்லாத காலத்தில் வீதிதான் மன்றம் ஆயிற்று. இன்று மன்றம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்தாமல் விடுவது அவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகுமா?

ஆயினும் மன்றத்தின் குறையையும் மறைக்கலாகாது. 1999 டிசம்பரில் மதுரா இரயில் நிலையத்தில் ஒரு வழக்கறிஞர் இரண்டு பயணச்சீட்டுகள் வாங்கினார். எழுபது ரூபாய்க்குத் தொண்ணூறு ரூபாய் எடுத்துக்கொண்டார் சீட்டுக் கொடுத்த எழுத்தர். அந்த இருபது ரூபாய்க்காக அவர் நூறு முறைக்கு மேல் ஆணையத்தின் வாயிலை மிதித்து, 2022-ஆம் ஆண்டில் வெற்றி பெற்றார். எழுத்தன் என்ற முறையில் எனக்கு நாணம். குடிமகன் என்ற முறையில் பெருமை. ஆனால் இருபது ரூபாய்க்கு இருபத்திரண்டு ஆண்டுகளா? இதே கொல்கத்தாவில் 1998-ஆம் ஆண்டு மருத்துவத்தில் நேர்ந்த தவற்றால் உயிரிழந்த அனுராதா சாகா என்ற அம்மையாரின் வழக்கில், ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2013-இல். தீர்ப்பு பெரிது, காத்திருந்த காலமும் பெரிது. மூன்று மாதத்தில், ஆய்வுக்கூடச் சோதனை வேண்டுமாயின் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று இன்றைய சட்டம் எழுதி வைத்திருக்கிறது. எழுதியது நடக்கும்படி செய்வதே அரசாங்கத்தின் கடன்.

உரிமச்சீட்டு

கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்தபோது அவள் கையில் வாளில்லை, சிலம்பு இருந்தது. அதுவே அவள் சான்று. சான்றைக் கண்டு அரசன் தன் பிழையை உணர்ந்தான். ஆனால் கோவலன் உயிர் போனபிறகு வந்த நீதி அது. காலங்கடந்து வந்த அந்நீதியின் பின்னே மதுரையில் தீ வந்தது. சான்றுக்குச் செவி கொடுக்கத் தவறிய இடத்தில் தீ நுழையும் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இக்காலத்தில் அத்தீயின் பெயர் துப்பாக்கி.

துப்பாக்கிச் சட்டம் நம் நாட்டில் அவமானமாகத்தான் பிறந்தது. லிட்டன் பிரபு ஆண்ட 1878-ஆம் ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் பெறவேண்டும் என்றது. ஐரோப்பியர்க்கோ விலக்கு அளித்தது. ஆயுதம் இல்லாமையைக் காட்டிலும் இந்த வேற்றுமையே நம் தலைவர்களைச் சுட்டது. 1887-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசு மகாசபையில் இச்சட்டத்தை எதிர்த்து முழங்கிய இளைஞர் யார் தெரியுமா? வங்கத்துப் பிபின் சந்திர பாலர். வங்காளி சென்னைக்கு வந்து நமக்காகவும் பேசினார் என்பதை, வங்கத்தில் வாழும் நாம் மறக்கலாகாது.

மறுக்கப்பட்டதைச் சிலர் பறித்துக்கொண்டார்கள். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனின் கைத்துப்பாக்கி ஆஷ் துரையின் உயிரையும், பின்பு வாஞ்சியின் உயிரையும் குடித்தது. 1914 ஆகஸ்டு 26-ஆம் நாள், நம் டல்ஹௌசி சதுக்கத்தின் அருகில், ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வணிகருக்கு வந்த சரக்கிலிருந்து ஐம்பது மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் மறைந்தன. மறைத்தவர் யார்? அக்கம்பெனியில் சுங்கச் சாவடிப் பணியைக் கவனித்த ஸ்ரீஷ் சந்திர மித்திரர் என்ற எழுத்தர்! மாட்டு வண்டி ஒன்றை ஓட்டிவந்தவர் ஹரிதாஸ் தத்தர் என்ற புரட்சியாளர். எழுத்தர்களைச் சாதுக்கள் என்று எண்ணுபவர்கள் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்! அத்துப்பாக்கிகளுள் சிலவற்றோடுதான் 1915 செப்டம்பரில் பாலாசோர்ப் பக்கத்தில் பாகா ஜதீன் போரிட்டு மாண்டார். நாம் ஊருக்குச் செல்லும் இரயில் பாதையிலேயே பாலாசோர் இருக்கிறது.

அடிமை நாட்டில் நிகழ்ந்த அச்செயல்களை இன்றைய அளவுகோலால் அளக்க நான் வரவில்லை. சுதந்திர நாட்டில் என்ன செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியம். 1931-ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இடம் பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனை அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் இசையவில்லை. எல்லார்க்கும் உரியது என்று எழுதிவிட்டால் குற்றவாளிகளும் அவ்வுரிமையைக் கேட்பார்களே என்பது அவர் கவலை. திருத்தம் தோற்றது. பின்னர் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் வெள்ளையர் கறுப்பர் என்ற வேற்றுமை இல்லை. 2019-இல் அதனை மேலும் இறுக்கினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. திருமணத்திலும் திருவிழாவிலும் பிறர்க்கு ஆபத்து நேரும்படி வானை நோக்கிச் சுடுபவருக்கு இரண்டாண்டுவரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு என்றும் ஆயிற்று.

இச்சட்டம் கடுமையானது என்று சொல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள். குடிமகனை நம்பாத அரசாங்கத்தைக் குடிமகன் எப்படி நம்புவான் என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே 1791-ஆம் ஆண்டிலிருந்து ஆயுத உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2020 முதல் 2023 வரை ஒவ்வோராண்டும் அந்நாட்டில் 45,000 பேருக்கு மேல் துப்பாக்கியால் மாண்டனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். திருடனுக்கென்று வாங்கி வைத்த துப்பாக்கி, ஒரு கணத்து மனச்சோர்வில் வீட்டாரையே கொண்டு போகிறது.

நம் நாட்டிலும் பெண்களின் பாதுகாப்புக்கென்று 2014-இல் 'நிர்பீக்' என்ற சிறு கைத்துப்பாக்கியை அரசாங்கத் தொழிற்சாலை வெளியிட்டது. விலை ஓர் இலட்சத்திற்கு மேல். இரவு வண்டியில் வேலை முடிந்து வரும் ஒரு செவிலிக்கு அது எட்டுமா? அவளுக்கு வேண்டுவது வெளிச்சமுள்ள நடைமேடை. அழைத்தால் வரும் காவலர். புகார் எழுதினால் பெற்றுக்கொள்ளும் நிலையம். இம்மூன்றும் ஒரு துப்பாக்கியினும் மலிவு, அனைவர்க்கும் பொது. தற்காப்பு உரிமையோ சட்டத்தில் முன்பும் இருந்தது, 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாயச் சட்டத்திலும் இருக்கிறது. அதற்கு உரிமச்சீட்டு வேண்டியதில்லை.

இந்நகரம் துப்பாக்கியின் சுவையையும் அறிந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குழாயை அறுத்துச் செய்த 'பைப்கன்' சந்துதோறும் பேசியது. காவல்துறையின் துப்பாக்கியும் பேசியது. இரு பக்கத்திலும் விழுந்தவர்களுள் மிகப் பலர் இளைஞர்கள். அக்காலத்தைக் கண்ட பெரியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அதனால் எந்தச் சந்தில் அரிசி விலை குறைந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே என் கருத்து இது. உரிமம் அரிதாகவே இருக்கட்டும். ஆனால் நேர்மையாக இருக்கட்டும். காட்டோரத்து உழவர் பயிர் காக்கக் கேட்டால், செல்வர் பெருமை காட்டக் கேட்பதினும் அவருக்கே முதலிடம் வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும், மேல்முறையீடு உண்டு என்றும் சட்டம் கூறுகிறது. அது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கியைவிட, உரிமம் இல்லாத கள்ளத் துப்பாக்கியே ஏழையை நோக்கித் திரும்புகிறது. அரசாங்கத்தின் கடுமை அங்கே செல்ல வேண்டும்.

வாக்குச்சீட்டு

தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. தேர்தல் ஆணையத்தின் இந்த ஏற்பாட்டில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. வாக்கும் துப்பாக்கியும் ஒரே அறையில் தங்கா என்பதே அது.

இம்மேடையில் நான் கட்சி பேசேன். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது உங்கள் விருப்பம். எனினும் இரண்டு சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, வாக்குக்குப் பணம். 2009-ஆம் ஆண்டுத் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அவ்வூர்ப் பெயரே இத்தீய வழக்கத்துக்கு அடைமொழி ஆகிவிட்டது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவின் பொருட்டுத் தேர்தல் ஆணையமே நிறுத்திவிட்டது. பிறந்த நாட்டைப் பற்றி இங்குள்ளோர் நம்மிடம் கேட்கும்போது தலை குனிய வேண்டியிருக்கிறது. எவ்வூரில் நடந்தாலும் இது ஒரே நோய்தான். கடையில் பொருள் வாங்கியவர் குறை இருந்தால் கேட்கலாம், அவர் நுகர்வோர். வாக்கைக் கொடுத்துப் பணம் வாங்கியவர் நுகர்வோர் அல்லர், விற்பனையாளர். விற்றவருக்கு விலை கிடைத்துவிட்டது. சாலையில் பள்ளம், மருத்துவமனையில் மருந்தில்லை என்று ஐந்தாண்டும் அவர் எந்த முகத்தோடு கேட்பார்? அந்த வாணிபத்துக்குப் பற்றுச்சீட்டும் கிடையாது.

இரண்டாவது, நமக்கே உரியது. நம்முள் பலர் பத்தாண்டு, இருபதாண்டாக இங்கே வாழ்ந்தும், பெயரைப் பிறந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே விட்டு வைத்திருக்கிறோம். தேர்தல் நாளில் அங்கே போக விடுமுறை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வண்டியில் இடம் கிடைப்பதில்லை. இது இரயில்வேக்காரன் சொல்லும் சொல், நம்புங்கள்! இங்கே வாக்கில்லை, அங்கே வாக்களிப்பதில்லை. ஆக, நாட்டின் எந்த மூலையிலும் நாம் எண்ணிக்கையில் இல்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில் பெயரைப் பதியலாம் என்கிறது. இரண்டு தொகுதியில் இருக்கலாகாது என்றும் சொல்கிறது. குடிமாறியவர் எட்டாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பெயர் இங்கே மாறிவிடும்.

"பிறந்த மண்ணை விட்டுக்கொடுப்பதா?" என்று சில பெரியவர்கள் வருந்துவதுண்டு. அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். பிறந்த மண்மேல் அன்பு நெஞ்சில் இருப்பது. அதனைப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டியதில்லை. குடிக்கும் நீர் இந்த நகரத்தது. பிள்ளைகள் படிக்கும் பள்ளி இந்த நகரத்தது. குழாயில் நீர் வராவிட்டால் இங்குள்ள உறுப்பினரிடந்தானே கேட்க வேண்டும்? பட்டியலில் பெயர் இல்லாதவர் மனுவை அவர் எவ்வளவு விரைவாகப் படிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வாக்குச்சீட்டு பொறியாக மாறிவிட்டது. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துக் கண்ணாடிக்குள் ஒரு துண்டுச் சீட்டு ஏழு நொடி தோன்றி மறைகிறது. அது குடியாட்சி நமக்குக் காட்டும் பற்றுச்சீட்டு என்றே நான் கருதுகிறேன். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆயினும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பேச்சோடு நில்லாமல் செயலாகவும் ஏதேனும் ஒன்று நடக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் சங்கம் பொங்கல் விழா எடுக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறது. இவற்றோடு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், இதே கூடத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை போட்டால் என்ன? வங்காளமும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த இரண்டு உறுப்பினர்கள் அங்கே அமரட்டும். கடையில் ஏமாந்தவர், காப்பீட்டுப் பணம் வராதவர், பார்சல் இழந்தவர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டியவர் ஆகிய யாவரும் தம் சீட்டுகளோடு வரட்டும். மனு எழுதிக் கொடுப்போம். தமிழர்க்கு மட்டும் என்றும் வைத்துக்கொள்ள வேண்டா. மாடிப்படி ஏறிவரும் பீகாரி அன்பருக்கும் வங்காளித் தாய்க்கும் எழுதிக் கொடுப்போம். இந்நகரம் நம் முன்னோர்க்கு வேலையும் வீடும் கொடுத்தது. அதற்கு நாம் செலுத்தும் சிறு கடனாக அது அமையும். அம்மேசையில் முதல் ஆறு மாதம் உட்கார நான் இசைகின்றேன். மனு எழுதுவது இருபது ஆண்டாக என் தொழில். கையெழுத்தும் படிக்கும்படி இருக்கும் என்று மேலதிகாரிகள் கூறியதுண்டு!

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அநீதி கண்டால் கோபம் வருவது இயற்கை, வரவும் வேண்டும். அக்கோபத்தைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் காகிதத்தில் எழுதுங்கள். தேதி இடுங்கள்; கையொப்பம் இடுங்கள்; நகல் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள். அது கோழையின் வழியன்று. இருபது ரூபாய்க்கு இருபத்திரண்டு ஆண்டு நின்றவர் கோழையா? ஒரு பைசாவுக்காக டிராமில் பழைய கட்டணத்தையே நீட்டிய அந்தப் பயணிகள் கோழைகளா?

வெளியே சிற்றுண்டிச்சாலையில் இன்று கூப்பன் முறை என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தச் சீட்டையும் மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.